கபடி நின்ற ஆண்டும் கைப்பேசி வந்த ஆண்டும்

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் வசிக்கிறோம். நானும் என் கணவரும் காலை ஆறு மணிக்கு ஜீப்பில் புறப்பட்டு, குமுளி வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறோம். வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். மாமியார் வீட்டில் இருக்கிறார். மகனுக்குப் பதினெட்டு வயது. மகளுக்குப் பதினைந்து, அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஏழாம் வகுப்பு வரை நன்றாகக் கபடி ஆடுவாள். குறுவட்டப் போட்டிக்குக்கூடப் போயிருக்கிறாள். எட்டாம் வகுப்பில் பெரியவளான பிறகு, வயதுக்கு வந்த பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் விழுந்து புரளக் கூடாது என்று மாமியார் சொன்னதால் நிறுத்திவிட்டோம். நாங்கள் மலைக்குப் போய்விடுவதால் அவசரத்துக்குப் பேச வேண்டுமே என்று சென்ற ஆண்டு கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். இப்போது பள்ளி விட்டு வந்து வீட்டு வேலையை முடித்ததும் படுத்தபடியே இன்ஸ்டாகிராம் பார்க்கிறாள். இரவு பன்னிரண்டு, ஒரு மணி வரை போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. அறையைப் பூட்டிக்கொண்டு ஆடி வீடியோ எடுக்கிறாள். ஓராண்டில் ஏழு கிலோ எடை கூடிவிட்டது. நாங்கள் நாளெல்லாம் மலையில் ஏறி இறங்குகிறோம். இவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிடாயும் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று தள்ளிப்போகிறது. அவள் அப்பா ஒரு வாரம் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு இரவில் அண்ணனின் கைப்பேசியை எடுத்துப் பார்த்தது தெரிந்தது. இது போதைதானா? கைப்பேசியை மொத்தமாக வாங்கி வைத்துவிடலாமா? விடுதியில் சேர்த்துவிட்டால் திருந்துவாளா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்கிறேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிச் சென்ற இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கபடி நின்றது எட்டாம் வகுப்பில். கைப்பேசி வந்தது ஒன்பதாம் வகுப்பில். ஆகவே கைப்பேசி வந்ததால்தான் உங்கள் மகள் ஓடியாடுவதை விட்டாள் என்று சொல்ல உங்கள் கடிதமே இடம் கொடுக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அந்தப் பெண்ணிடம் மைதானமும் இல்லை, கைப்பேசியும் இல்லை. அந்த ஓராண்டில் மாலை நாலரை மணி முதல் நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கும் ஆறரை மணி வரை அவள் என்ன செய்தாள், யாரோடு பேசினாள், கூட ஆடிய பிள்ளைகளை எங்கே பார்த்தாள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு மலையேறும் தாய்க்கு மகளின் மாலைப் பொழுது கண்ணில் படாமல் போவது இயல்பே. ஆனால் மருத்துவம் பார்க்க வேண்டிய இடம் அந்த ஓராண்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கபடி ஆடும் பெண்ணுக்கு மைதானம் உடற்பயிற்சிக் கூடம் மட்டுமாக இருப்பதில்லை. கூடச் சிரிக்க ஆறேழு பேர், நன்றாக ஆடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாராட்ட ஓர் ஆசிரியை, தோற்றால் சேர்ந்து அழ ஒரு கூட்டம் என்று பலவும் அங்கே அவளுக்குக் கிடைக்கின்றன. இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுபோன பிறகு, அதே தோழிகள், அதே பாராட்டு, அதே கூட்டம் ஒரு சின்னத் திரையில் மறுபடி கிடைத்தால் அவள் அதை இறுகப் பிடித்துக்கொள்வதில் வியப்பு ஒன்றுமில்லை. திரையில் கிடைப்பது கலப்படமானது என்பது உண்மை. விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைப் பாராட்டு என்று நம்ப வைப்பது, முகம் தெரியாதவரை நண்பர் என்று காட்டுவது போன்ற தீமைகள் அதில் நிறைய உண்டு. அப்படியிருந்தும், அவளிடம் இருந்ததற்கு ஈடாக ஒன்றும் கொடுக்காமல், இப்போது இருப்பதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த வெறுமையான ஓராண்டுதான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் பள்ளி மாணவர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாமல் இருப்பதாகத் தெரிந்தது. ஆண் பிள்ளைகளில் அது 78 விழுக்காடு. இந்தியாவில் பெண் பிள்ளைகளுக்கான அளவு 76 விழுக்காடு. உலக சராசரியைவிட நம் பெண்கள் சற்று மேல் என்று மகிழத் தோன்றும். ஆய்வாளர்கள் அதற்கு ஊகித்த காரணத்தைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. நம் நாட்டுப் பையன்கள் ஓடியாடுவதற்குக் கிரிக்கெட் ஆர்வம் காரணமாக இருக்கலாம் என்றும், பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலைச் சுமை காரணமாக இருக்கலாம் என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். உங்கள் மகனும் மகளும் அந்த இரண்டு வரிகளுக்குள் அப்படியே அடங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். மகள் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் மகன் எங்கே இருக்கிறான் என்று எழுதவில்லை. மைதானத்தில் இருப்பான் என்று எடுத்துக்கொள்கிறேன். பாத்திரம் துலக்குவதும் தண்ணீர் தூக்குவதும் உடலுழைப்புத்தான். அவற்றைச் செய்கிற பெண்ணைச் சோம்பேறி என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் ஓட்டமும் தாவலும் எலும்புக்கும் இதயத்துக்கும் மனத்துக்கும் செய்வதை இந்த வேலைகள் செய்வதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. சமூக ஊடகப் போதை என்ற தனி நோய் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் மின்விளையாட்டுக் கோளாறு மட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பெயர் இல்லை என்பதால் துன்பமும் இல்லை என்று ஆகிவிடாது. மருத்துவர்கள் பொதுவாக ஆறு அறிகுறிகளைத் தேடுகிறார்கள்: எப்போதும் அதே நினைவாக இருப்பது, நாளுக்கு நாள் கூடுதல் நேரம் தேவைப்படுவது, மனக்கவலையை மறக்க அதையே நாடுவது, குறைக்க முயன்று தோற்பது, கிடைக்காவிட்டால் பதறுவது, படிப்பும் உறவும் கெட்ட பிறகும் விட முடியாமல் இருப்பது. இவற்றில் பெரும்பாலானவை பல மாதங்கள் தொடர்ந்து இருந்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதுதான் அதைக் கட்டுமீறிய பழக்கம் என்று சொல்கிறோம். உங்கள் மகளிடம் பதற்றமும் மறைவில் தேடிப் பார்ப்பதும் தெரிகின்றன. ஆனால் அவள் தினமும் பள்ளிக்குப் போகிறாள், வீட்டு வேலை செய்கிறாள், மதிப்பெண் சரிந்ததாக நீங்கள் எழுதவில்லை. கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால், அவள் விளிம்பில் நிற்கிறாள், உள்ளே விழுந்துவிடவில்லை.

இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததைப் போதையின் அடையாளமாக மட்டும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பதினைந்து வயதுப் பெண்ணிடமிருந்து முன்னறிவிப்பின்றி அவளுடைய தோழிகள் அனைவரையும் ஒரே நேரத்தில் பிரித்தால், கைப்பேசியே இல்லாத காலத்திலும் அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். ஸ்னாப்சாட் போன்ற செயலிகளில் ‘ஸ்ட்ரீக்’ என்று ஒன்று உண்டு. இரண்டு தோழிகள் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பினால் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், 24 மணி நேரம் தவறினால் அறுந்துவிடும். நமக்கு அது வெறும் எண். அவர்களுக்கு நட்பின் கணக்கு. பிள்ளைகள் கீழே வைக்க மனம் வராதபடி இந்தச் செயலிகளைத் தெரிந்தேதான் வடிவமைக்கிறார்கள்: அடுத்த வீடியோ தானாக ஓடும், பக்கத்துக்கு முடிவே இருக்காது, எந்த நொடியில் நல்லது வரும் என்பது தெரியாது. வளர்ந்தவர்களாலேயே வெல்ல முடியாத அந்த வடிவமைப்போடு ஒரு பிள்ளையின் மனவுறுதியை மோதவிட்டு, தோற்றதும் அவளைத் திட்டுவது நியாயமாகாது.

நான் மிகவும் கவலைப்படுவது அவளுடைய தூக்கத்தைப் பற்றித்தான். 13 முதல் 18 வயது வரை இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. நீங்கள் ஆறு மணிக்குப் புறப்படும் வீட்டில் அவளும் ஐந்தரைக்காவது எழுந்துவிடுவாள். ஒரு மணிக்குக் கண்ணை மூடி ஐந்தரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரம், தேவையில் பாதிதான். தூக்கம் பாதியாகும்போது பசி கூடுகிறது, அதுவும் பொரித்த பண்டத்தின் மேலும் இனிப்பின் மேலும், உடல் கனக்கிறது, சிறு சொல்லுக்கும் கோபம் வருகிறது, மறுநாள் மாலை உடம்பு படுக்கையைத்தான் கேட்கும். படுத்தபடி செய்யக்கூடிய ஒரே பொழுதுபோக்கு கையில் இருக்கிறது. மறுபடி இரவு நீள்கிறது. கைப்பேசி நேரடியாக விளையாட்டைக் கெடுப்பதைவிட, தூக்கத்தைக் கெடுத்து அதன் வழியாகவே விளையாட்டைக் கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே நாளுக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்ற வாக்குவாதத்தை இப்போதைக்கு ஒத்தி வைத்துவிட்டு, இரவிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு ஒரு விதி போதும். ஆனால் அது வீட்டில் எல்லோருக்கும் பொருந்த வேண்டும். இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள அத்தனை கைப்பேசிகளும், உங்கள் கணவருடையதும் மகனுடையதும் உட்பட, முன்னறையில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். காலையில் எழ அலாரம் வேண்டும் என்ற சாக்கு வரும். ஒரு சிறிய அலாரக் கடிகாரம் வாங்கி வைத்துவிடுங்கள். விடியற்காலையில் ஜீப் ஓட்டுநரோ கங்காணியோ கூப்பிடுவார்கள் என்றால், முன்னறையில் இருந்தாலும் மணி கேட்கும். மகளுடையதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மகன் பாயில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால், அன்றே இந்த விதி செத்துவிடும். அண்ணனின் கைப்பேசியை அவள் மறைவில் எடுத்ததற்கும் இந்தப் பாகுபாட்டுக்கும் தொடர்பு உண்டு. முதல் இரண்டு வாரம் சண்டை இருக்கும். அதன் பிறகு தூக்கம் திரும்பத் தொடங்கினால் பகலின் முகமே மாறுவதை நீங்கள் பார்க்கலாம்.

மாடிப்படியில் மூச்சு வாங்குவதைச் சோம்பலின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அசதி, மூச்சிரைப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகிய மூன்றும் இரத்தசோகையிலும் வரும். கம்பம் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற மாத்திரையை அவள் விழுங்குகிறாளா அல்லது பையிலேயே வைத்திருக்கிறாளா என்று அன்பாகக் கேளுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கிப் போடும் பிள்ளைகள் ஏராளம். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். சோற்றோடும் மாத்திரையோடும் சேர்த்துக் கடுங்காப்பியோ தேநீரோ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. மலைவேலைக் குடும்பங்களில் இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்வதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 45 நாளைத் தாண்டுவது வாடிக்கையாகி, எடையும் வேகமாகக் கூடி, முகத்தில் முடியோ தீராத பருக்களோ தோன்றினால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு அளவையும் சோதிக்க வேண்டும். உங்கள் மகளின் இடைவெளி அந்த எல்லையைத் தாண்டுவதால் அவளைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. அப்படியே பிரச்சினை இருந்தாலும் முதல் மருந்தாக அவர் சொல்லப்போவது உடலசைவும் தூக்கமும்தான். மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்பதற்கும் மருத்துவ அடிப்படை இல்லை. பல பெண்களுக்கு அந்த நாட்களின் வயிற்றுவலியை உடற்பயிற்சி குறைக்கவே செய்கிறது.

எலும்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்நாளுக்குரிய எலும்பு வலிமையில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பூப்பெய்தும் வயதை ஒட்டிய இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அது மிக வேகமாகச் சேர்கிறது. குதிப்பது, தாவுவது, ஓடித் திரும்புவது போன்ற அதிர்வுள்ள அசைவுகள் எலும்பை உறுதியாக்குகின்றன. சரியாக அந்த ஆண்டுகளில்தான் நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கிறோம். ஐம்பது வயதில் மூட்டும் இடுப்பும் வலிக்கிறது என்று வரும் தாய்மாரிடம் பேசும்போது இந்தக் கணக்கு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

கைப்பேசியை மொத்தமாக வாங்கி வைக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதுதான். நீங்களும் கணவரும் மலையில் இருக்கும்போது அவளுக்கு உங்களோடு பேச வழி வேண்டும் என்பது முதல் காரணம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. வீடியோவைப் பார்த்து முகம் தெரியாத ஒருவன் அவளிடம் பேசத் தொடங்கலாம், படம் கேட்கலாம், அதை வைத்து மிரட்டலாம். அப்போது அவள் முதலில் ஓடி வர வேண்டியது உங்களிடம். சொன்னால் கைப்பேசி போய்விடும், அப்பா அடிப்பார் என்ற பயம் இருந்தால் அவள் சொல்ல மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனமே. எது நடந்தாலும் உன்னைத் திட்ட மாட்டோம், கைப்பேசியையும் பிடுங்க மாட்டோம், எங்களிடம் சொல் என்று நீங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அப்படி ஏதாவது நடந்தால் குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணில் உதவி கிடைக்கும்.

பூட்டிய அறைக்குள் ஆடி வீடியோ எடுப்பதைக் குற்றப்பட்டியலில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கடிதத்திலேயே நல்ல செய்தியாகப் பட்டது. அந்த உடம்புக்கு இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. வேகமான பாட்டுக்கு இடைவிடாமல் ஆடுவது நல்ல உடற்பயிற்சி. சிக்கல் என்னவென்றால், முப்பது நொடி ஆடிவிட்டு, சரியாக வந்ததா என்று பார்த்து, மறுபடி எடுத்து, அதன் பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இரவு முழுவதும் எண்ணுவதில்தான் நேரம் போகிறது. வாரம் ஓரிரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து, ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, படம் எடுக்காமல் முழுப்பாட்டுக்கும் ஆடச் சொல்லுங்கள். நீங்களும் சற்று உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கைதட்டல் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

கபடிக்கு வருவோம். உங்கள் மாமியாரின் அச்சத்தை மூடத்தனம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். பேத்தியை யாராவது ஏதாவது பேசிவிடுவார்களோ, அடிபட்டுத் திருமணத்துக்குத் தடையாகிவிடுமோ என்று அந்தத் தலைமுறை அஞ்சியதற்குக் காரணங்கள் இருந்தன. அவரோடு வாதிடுவதைவிட, அவரையே ஒரு மாலை பள்ளி மைதானத்துக்கு அழைத்துப்போவது பயன் தரும். இப்போது பெண்கள் முழங்கால் மூடிய உடையில் ஆடலாம், உடற்கல்வி ஆசிரியை உடன் இருப்பார், ஆறு மணிக்குள் வீடு திரும்பலாம் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்ததையும், ஊரே திரண்டு அந்தப் பெண்ணை வரவேற்றதையும் அவருக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதைக் கணவரிடம் சொல்லலாம். அவர் காதில் அதுதான் விழும். மகளிடம் மட்டும் இவற்றைச் சொல்ல வேண்டாம். அவளுக்குப் பதக்கமோ வேலையோ இலக்காக வேண்டியதில்லை. தோழிகளோடு ஆடினால் போதும்.

இரண்டு ஆண்டு விட்டுவிட்டதால் முதல் நாளே களத்தில் இறக்கக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருப்பது தெரிந்த பின், வீட்டு முற்றத்தில் கயிறு தாண்டுவதில் தொடங்கலாம். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்த அறுபது நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு நடந்து போய் வருவது, கயிறு தாண்டுவது, ஆடுவது எல்லாம் சேர்த்தியே. பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ எடுத்துக்கொள்வது நம் பள்ளிகளில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து அதைக் கேட்கலாம். விளையாடினால் மதிப்பெண் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் மிதிவண்டி வரும். அது அண்ணனுடைய வாகனமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கும் இதில் பங்கு வேண்டும். மாலையில் வீட்டு வேலையில் பாதியை மகன் எடுத்துக்கொள்ளாவிட்டால் மேலே சொன்ன எதற்கும் மகளுக்கு நேரம் இருக்காது. தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றை நாள் கணக்கில் பிரித்துக் கொடுங்கள். அவன் கிரிக்கெட்டை விட வேண்டியதில்லை; முக்கால் மணி நேரம் பிந்திப் போனால் போதும். என்னிடம் வரும் குடும்பங்களில் மிகக் கடினமாக இருப்பது இந்த ஒரு மாற்றம்தான். கைப்பேசியைப் பிடுங்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

ஏழு கிலோவைப் பற்றி அவளிடம் பேசாதீர்கள். அவள் பார்க்கும் திரையில் மெலிந்த இடுப்பும் ஃபில்டரால் அழகாக்கிய முகமும் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதோடு வீட்டிலும் குண்டாகிவிட்டாய் என்று கேட்டால், அவள் விளையாடப் போவதற்குப் பதிலாகச் சாப்பாட்டை விடுவாள். பத்து நாளில் இடுப்பைக் குறைக்கும் வீடியோக்களும் அங்கேதான் இருக்கின்றன. உடற்பயிற்சிக்குக் காரணமாக எடையைச் சொல்லாமல், மறுபடி மூச்சு வாங்காமல் ஓட முடியும் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கே உரிய ஓர் இலக்கும் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. குமுளியிலிருந்து ஜீப்பில் போகாமல், வரும் ஆண்டு தாயும் மகளும் நடந்தே ஏறுவது என்று இப்போதே முடிவு செய்யலாம். மலையில் நீங்கள் அவளுக்கு முன்னால் ஏறுவீர்கள். அவள் உங்களை எட்டிப் பிடிக்கப் பார்ப்பாள்.

கைப்பேசியின் அமைப்புகளில் அவளையும் அருகில் வைத்துக்கொண்டு சிலவற்றை மாற்றுங்கள். எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் என்பதை ஆண்ட்ராய்டு கைப்பேசியே கணக்கு வைத்திருக்கும். ஒரு வாரக் கணக்கை இருவரும் சேர்ந்து பாருங்கள், திட்டாமல். தேவையற்ற அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். இன்ஸ்டாகிராம் 2024 முதல் பதின்வயதினருக்குத் தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே பிறர் பார்வையிலிருந்து மறைக்கப்படும், இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். ஆனால் கணக்கு தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பெரும்பாலான பிள்ளைகள் கூட்டித்தான் போடுகிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதையே தடை செய்துவிட்டது. அது எப்படிப் போகிறது என்று பார்க்கலாம், உங்கள் வீட்டுக்கு அதுவரை காத்திருக்க முடியாது.

விடுதியைப் பற்றி: இப்போது வேண்டாம். பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளியையும் தோழிகளையும் மாற்றினால் எட்டாம் வகுப்பில் நடந்ததே இரண்டாம் முறை நடக்கும். நல்ல விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகி அவளே விரும்பிப் போவதானால் அது வேறு செய்தி. தூக்கத்தையும் மாலை நேரத்தையும் மாற்றி மூன்று மாதம் பாருங்கள். அதற்குள் அவள் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தோழிகளையும் தவிர்த்தாலோ, வேண்டுமென்றே சாப்பாட்டை விட்டாலோ, உடம்பில் கீறிக்கொண்ட தழும்பு தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் நேரே அழைத்துப் போகலாம். அவளைப் பைத்தியம் என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள் என்பதை மாமியாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அறைக்குள் முதல் ஐந்து நிமிடம் அவளைத் தனியாகப் பேச விட்டுவிட்டு நீங்கள் வெளியே இருங்கள். அதன் பிறகு உள்ளே போகலாம்.